கை வைத்த பிறகு இழுக்காத வண்டி

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பானெட் திறக்கிறது. பழைய மாருதி 800. மூன்று பிளக், பிளக் ஒயர்கள், ஏர் ஃபில்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் என எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார் வீட்டுக்காரர். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது; சத்தமும் சீராகத்தான் இருக்கிறது. மாலையில் மேம்பாலம் ஏறும்போதுதான் விஷயம் தெரிகிறது. நேற்றுவரை மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இன்று இரண்டாம் கியர் கேட்கிறது. 'பிக்கப் இல்லை' என்று மெக்கானிக்குகள் ஒற்றை வரியில் சொல்லும் நோய் இது. காசு செலவழித்து, கை கறுக்க உழைத்தும் வண்டி முன்பைவிட மோசமாகிவிட்டதே என்ற மனச்சோர்வு சாதாரணமானதல்ல. அந்தச் சோர்வில்தான் அடுத்த தவறு நடக்கிறது: கார்ப்பரேட்டரையும் கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று கை நீள்கிறது.

இந்தியாவில் வீட்டு வாசலிலேயே கார் பழுதுபார்க்கும் பழக்கத்தை வளர்த்தவை முக்கியமாக மூன்று வண்டிகள். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு பல பத்தாண்டுகள் ஓடியது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. இத்தாலியின் ஃபியட் 1100-இலிருந்து பிறந்த பிரீமியர் பத்மினிக்கு 1089 சி.சி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர், 796 சி.சி. பத்மினிக்கும் மாருதிக்கும் மொத்த பலமே நாற்பது குதிரைத்திறனைச் சுற்றித்தான். பெரிய இன்ஜினில் நான்கு குதிரைத்திறன் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. இந்தச் சிறிய இன்ஜின்களில் அதுவே பத்தில் ஒரு பங்கு. நான்கு பேர் ஏறியதும் கால் உடனே உணர்ந்துவிடும்.

வீட்டுப் பழுதுக்குப் பின் வரும் பலக்குறைவுக்கும், தானாகத் தேய்ந்து வரும் பலக்குறைவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தேய்மானம் மாதக்கணக்கில் வரும். எந்த நாளில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் கை வைத்த வண்டிக்கோ நேற்று, இன்று என்று தெளிவான எல்லைக்கோடு இருக்கிறது. நோய் கண்டுபிடிப்பவருக்கு இதைவிடப் பெரிய துப்பு கிடைக்காது. சந்தேகத்தின் பேரில் இன்னும் இரண்டு புதுச் சாமான்களைப் பூட்டியதும் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. அப்புறம் எது பழைய கோளாறு, எது புதிதாக நுழைந்தது என்று பிரிக்கவே முடியாது. ஆகவே முதல் வேலை, அன்று கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் எழுதுவது. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுக்க எந்த ஹோஸைப் பிடுங்கினோம், எந்தக் கிளிப்பைத் தளர்த்தினோம் என்பதுவரை எழுத வேண்டும். பழைய சாமான்களைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிப் பார்க்கவும் வழி இருக்கும். புது ரோட்டாரும் புது மூடியும் புதிது என்பதாலேயே நல்லவை ஆகிவிடுவதில்லை. போலி உதிரிபாகங்கள் மலிந்த சந்தையில் இது கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று.

ஆனால் உண்மையிலேயே பலம் குறைந்திருக்கிறதா? காதையும் மனத்தையும் மட்டும் நம்ப முடியாது. ஏற்ற இறக்கம் இல்லாத, ஆளில்லாத ஒரே சாலையில், மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60 வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் நேரம் எடுத்தால் போதும். இரண்டு திசையிலும் எடுத்துச் சராசரி பார்த்தால் காற்றின் வேலையும் அடிபட்டுவிடும். பருவமும் இடமும் கணக்கில் வர வேண்டும். 20 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று ஆறு, ஏழு சதவீதம் லேசானது. சென்னையின் மே மாதப் பகலில் எந்த வண்டியும் மார்கழியில் இழுத்ததுபோல் இழுக்காது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்ப்பரேட்டர் வண்டி அங்கே கிட்டத்தட்ட அதே அளவு பலத்தை இழக்கும். பெட்ரோல் கலவையும் தேவைக்கு மேல் கெட்டியாகும். மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்து மலையேறி, 'வேலை சரியில்லை' என்று மெக்கானிக்கைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

இனி, பலம் இன்ஜினில் பிறக்காமல் போகிறதா, பிறந்த பலம் சக்கரத்துக்கு வந்து சேராமல் போகிறதா என்ற கேள்வி. பிரேக் வேலை செய்த மறுநாள் 'இன்ஜின் வீக்' என்று புகார் வருவது மிகச் சாதாரணம். பிரேக் ஷூவை இறுக்கமாக வைத்திருக்கலாம். ஹேண்ட் பிரேக் கேபிளை ஒரு சுற்று அதிகம் முறுக்கியிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டுக்கு விட வேண்டிய சிறு இடைவெளியை விடாமல் பூட்டியிருக்கலாம். கடைசியில் சொன்னது கொஞ்சம் வஞ்சகமானது. புறப்படும்போது வண்டி நன்றாக ஓடும். பிரேக் எண்ணெய் சூடேறி விரிய விரியப் பிடிப்பு கூடும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோனாலே எது கொதிக்கிறது என்று தெரியும். நியூட்ரலில் போட்டு ஒரே ஆள் தள்ளி மாருதி 800 நகரவில்லை என்றால் பானெட்டைத் திறக்கவே தேவையில்லை. கிளட்ச் வழுக்கலின் அடையாளம் வேறு. டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் கேபிளை மாற்றியவர் பெடலில் சிறிதும் தளர்வு விடாமல் இறுக்கியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

அதைவிட எளிய ஒன்று ஆக்ஸிலேட்டர் கேபிள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரை வரை மிதிக்க, மற்றவர் கார்ப்பரேட்டரின் வாயைப் பார்க்க வேண்டும். திராட்டில் தகடு நேராக நிமிர்ந்து நிற்காவிட்டால் நோய் கிடைத்தாயிற்று. கேபிள் தொய்வு, இடம் மாறிய கிளிப், ஏன், புதிதாகப் போட்ட தடித்த தரைவிரிப்புகூடக் காரணமாக இருக்கலாம். சோக் தகடு பாதி மூடியபடி நிற்கிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. இருந்தும் பெரும்பாலோர் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால், பழைய பெட்ரோல் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அந்த நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 'டெல்கோ' என்று பெயர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் எட்வர்ட் டீட்ஸும் சார்லஸ் கெட்டரிங்கும் 1909-இல் தொடங்கிய டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்ற பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. பேட்டரியைக் கொண்டு பொறி உண்டாக்கும் முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்த கம்பெனியின் பெயர், நூறாண்டு கழித்தும் நம் மெக்கானிக்குகளின் வாயில் ஒரு சாமானின் பெயராக வாழ்கிறது.

டெல்கோவில் கை வைத்தவர் அறிந்தோ அறியாமலோ டைமிங்கை மாற்றிவிடுகிறார். இதன் கணக்கை விளங்கிக்கொண்டால் பாதி நோய் புரிந்துவிடும். பெட்ரோல் கலவை பற்றி எரிந்து அழுத்தம் உச்சத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அந்த உச்சம் வந்தால்தான் தள்ளும் விசை முழுதாகக் கிடைக்கும். அதற்காகத்தான் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பொறி விழுகிறது. பொறி பிந்தினால், பிஸ்டன் ஓடிப்போன பிறகு பின்னாலிருந்து தள்ளுவது போல. உழைப்பாக மாற வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். வண்டி சோம்பும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடேறும், மைலேஜ் இறங்கும். பொறி முந்தினால் ஏற்றத்தில் கலகலவென்று தட்டுச் சத்தம் கேட்கும். அது நீடித்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

டெல்கோவுக்குள் திறந்து மூடிப் பொறியைத் தூண்டும் பாயிண்ட் உள்ள வண்டிகளில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அம்பாசடரின் பாயிண்ட் இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 14 முதல் 16 பங்கு, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். புதுப் பாயிண்ட் போட்டு இடைவெளியைக் குறைத்து வைத்தால் பாயிண்ட் திறப்பது தாமதமாகும். டெல்கோவைத் தொடாமலே டைமிங் பிந்திவிடும். இடைவெளி கூடினால் முந்தும். ஆகவே பாயிண்ட் மாற்றினால் டைமிங்கும் பார்த்தே ஆக வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று இல்லை. புதுப் பாயிண்டின் உராயும் கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து உட்காரும்போது இடைவெளி மறுபடி குறையும். அதனால் முதல் வாரம் நன்றாக ஓடிய வண்டி இரண்டாம் வாரம் மந்தமாவதும் உண்டு.

டைமிங்கைத் தானாக முன்னுக்குத் தள்ள டெல்கோவுக்குள் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. சுழற்சி கூடக்கூட விரியும் எடைகள் ஒன்று. இன்ஜினின் உறிஞ்சல் இழுக்கும் வேக்யூம் உதரவிதானம் மற்றொன்று. டைமிங் வைக்கும்போது பல வண்டிகளில் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பூட்ட மறப்பது, வீட்டுப் பழுதில் அடிக்கடி நடக்கும் மறதிகளில் ஒன்று. அறிகுறியைக் கொண்டே இரண்டையும் பிரித்துவிடலாம். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். அப்போது வேக்யூம் ஏற்பாட்டுக்கு வேலையில்லை. எனவே பாதி மிதிப்பில் மந்தமாகவும் முழு மிதிப்பில் பரவாயில்லாமலும் ஓடினால் ஹோஸைப் பார்க்க வேண்டும். கீழே நன்றாக இழுத்து, வேகம் கூடும்போது மூச்சு வாங்கினால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு இன்ஜினை மெல்ல ரேஸ் செய்து பார்த்தால் குறி நகர வேண்டும். நகராவிட்டால் சந்தேகம் உறுதி. காதை வைத்தே டைமிங் பிடிக்கும் மூத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களின் திறமை மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் காது நாற்பது ஆண்டில் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பானெட் திறப்பவருக்கு லைட்தான் துணை.

டைமிங் பெல்ட்டைக் கழற்றிப் பூட்டியவர்களுக்கு அபாயம் இன்னும் பெரிது. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் தவறினாலே கிராங்கில் 18 டிகிரி பிசகு. வால்வுகள் அந்த அளவுக்கு முந்தியோ பிந்தியோ திறக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கும் ஒருவாறு நிற்கும். இழுக்க மட்டும் மாட்டேன் என்னும். பெல்ட்டைப் பூட்டிய பின் கையால் இன்ஜினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி நேர் சேர்கின்றனவா என்று பார்க்காமல் மூடியைப் போடவே கூடாது. டென்ஷனர் இறுகும்போது பெல்ட் ஒரு பல் தாவுவது அந்தச் சுற்றில்தான் கண்ணில் படும்.

இத்தனையையும் தனித்தனியாகத் தேடாமல் ஒரே இடத்தில் நின்று பார்க்க ஒரு மலிவான கருவி உண்டு: வேக்யூம் கேஜ். இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு சிறு குழாயைச் செருகினால் இன்ஜினின் மூச்சு அதில் தெரியும். கடல்மட்டத்தில், சூடான நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம் வரை அசையாமல் காட்டும். அசையாமலே இரண்டு, மூன்று அங்குலம் தாழ்ந்து நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதைவிட மிகத் தாழ்ந்தால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது வால்வு டைமிங் தவறியிருக்கிறது. சீரான இடைவெளியில் முள் துள்ளினால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. இன்ஜினை 2,500 சுற்றில் நிறுத்திவைக்க, முள் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு. பழைய வண்டி வைத்திருப்பவரிடம் ஸ்பேனர் செட்டுக்கு அடுத்து இருக்க வேண்டியது இதுதான். நம்மூரில் இதற்கு இன்னும் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது வருத்தம்.

காற்றுக் கசிவு பெரும்பாலும் கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பூட்டியபோது போட்ட கேஸ்கெட்டில் இருக்கும். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது, நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கி அடிப்பாகத்தை வளைத்துவிடுவது இரண்டும் வழக்கமான தவறுகள். ஏர் ஃபில்டர் வேலையின்போது காற்றுவழியில் செருகிய துணியை மறந்துவிடுவதும் நடந்திருக்கிறது.

பெட்ரோல் விஷயத்தில் அடையாளம் எளிது. முதல் ஒரு நிமிடம் நன்றாக இழுத்து, ஏற்றத்தில் நெடுநேரம் மிதிக்கும்போது திணறினால், பெட்ரோல் வருவது செலவாவதைவிடக் குறைவு. புது ஃபில்டரைத் தலைகீழாகப் பூட்டியிருக்கலாம், ஹோஸ் மடங்கியிருக்கலாம். காற்றோட்டத் துளையில்லாத புது டேங்க் மூடியும் காரணமாகும். அப்படித் திணறும்போது மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், வண்டியும் தெளிந்துவிடும். கோடையில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி நிற்பதும் உண்டு. அம்பாசடர், பத்மினி ஓட்டியவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போர்த்தியது அதற்காகத்தான்.

இப்போது இதோடு எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு கிலோ வெறும் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு சுமார் 13.5 போதும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டர் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது; கலவை மெலிந்துவிடும். மைலேஜுக்காக ஏற்கெனவே இறுக்கி வைத்த வண்டியில் அது மந்தமாகவும் தயக்கமாகவும் தெரியும். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் ஊறச்செய்து இளக்குவதும், டேங்கில் பல ஆண்டு படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவருவதும் தனி. ஆகவே 'நேற்று, இன்று' கணக்கில் பெட்ரோல் போட்ட தேதியையும் எழுத வேண்டும். கை வைத்த நாளும் புது பெட்ரோல் நிரப்பிய நாளும் ஒன்றாக இருந்தால், குற்றமில்லாத புதுச் சாமான் மேல் பழி விழும்.

இங்கே ஒரு அரசாங்கச் சீட்டு உதவும். புகைப் பரிசோதனைச் சான்றிதழை எல்லோரும் போலீஸுக்குக் காட்டத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் அச்சாகும் இரண்டு எண்கள் உண்மையில் இன்ஜினின் இரத்தப் பரிசோதனை. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்கு என்பது வரம்பு. கார்பன் மோனாக்சைடு உயர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று அடைப்பு. அது தாழ்ந்திருக்க ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ பொறி தவறுகிறது, அல்லது கலவை எரியாத அளவுக்கு மெலிந்திருக்கிறது. பழுதுக்கு முன்பு எடுத்த சீட்டோடு ஒப்பிட்டால் ஒரு முழு நாள் தேடல் மிச்சமாகும்.

கம்ப்யூட்டர் வைத்த பழைய வண்டிகளிலும் கடைசியாகத் தொட்டதைச் சந்தேகிக்கும் விதி மாறுவதில்லை, இடம் மட்டும் மாறுகிறது. சரியாக அழுந்தாத கனெக்டர், காற்றுக்குழாயில் விழுந்த கீறல், பிடுங்கி விட்ட சென்சார் ஹோஸ் ஆகியவையே முதல் சந்தேகங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால், கம்ப்யூட்டர் தான் கற்றதை மறந்து சில நாள் தடுமாறுவதும் இயல்பு. ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும் நிலையில் மட்டும் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உட்கூட்டை உருக்கிவிடும். பிளக் ஒயரில் தொடங்கிய கோளாறு சைலன்சர் அடைப்பில் போய் முடியும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பொறியைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகமில்லாமல் இருப்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். வால்வு கிரைண்டிங் மட்டும் செய்து ரிங்கை விட்ட இன்ஜின்களில், மேலே இறுக்கம் கூடியதும் கீழே உள்ள தேய்மானம் வெளிவந்து புகையாகத் தெரிவதுண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் 'கடைசியாகத் தொட்டதே குற்றவாளி' என்ற விதி முழு உண்மை சொல்வதில்லை.

வால்வுக்கு விடும் டேப்பெட் இடைவெளியும் நிதானம் கேட்கிறது. சத்தம் வருகிறது என்று இடைவெளியைக் குறைத்து வைத்தவரின் வண்டி குளிரில் அமைதியாக ஓடும். சூடேறியதும் வால்வு தண்டு நீண்டு, வால்வு முழுதாக உட்காராமல் கம்ப்ரஷன் கசியும். அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஈயமில்லாத பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் வந்த பிறகு, மிருதுவான வால்வு இருக்கை கொண்ட மிகப் பழைய இன்ஜின்களில் வால்வு மெல்ல உள்ளே இறங்கி, யாரும் தொடாமலே இடைவெளி குறையும். சத்தமில்லாத டேப்பெட்டைவிட லேசாகச் சத்தம் போடும் டேப்பெட் பாதுகாப்பானது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஹெட்டைக் கழற்றி மாட்டிய அம்பாசடரில் இன்னொரு காத்திருப்பு உண்டு. புது கேஸ்கெட் சூட்டிலும் அழுத்தத்திலும் சற்று அமுங்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஹெட் நட்டுகளை வரிசைப்படி டார்க் ரெஞ்ச்சால் மறுபடி இறுக்குவது அந்தக் கால இன்ஜின்களின் வழக்கம். நட்டு இறுகி ஹெட் அமுங்கும் அளவுக்கு ராக்கர் கீழே வரும். டேப்பெட் இடைவெளியும் குறையும். எனவே நட்டு இறுக்கிய அதே மாலையில் ஃபீலர் கேஜை எடுத்து எட்டு டேப்பெட்டையும் மறுபடி வைக்க வேண்டும். பழுது பார்த்து இரண்டு வாரம் நன்றாக ஓடி, மூன்றாம் வாரம் மேம்பாலத்தில் திணறும் வண்டியில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த டேப்பெட் மூடியைத்தான்.